விருந்தன்று அம்மாவும் உட்காரட்டும்

கேக் வெட்டும் படத்தில் அம்மா இருப்பார். ஓரமாக, முந்தானையில் கையைத் துடைத்தபடி நிற்பார். அதற்குப் பிறகு எடுத்த படங்களில் தேடிப் பாருங்கள், இருக்க மாட்டார். அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார்.

கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலத்தில் வாங்கிய கேக் பஸ்ஸில் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. கூடத்தில் பலூன், சுவரில் மினுமினுக்கும் தாள், மொத்தம் இருபது பேர். அத்தை, மாமா, சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கல்லூரி சிநேகிதிகள். சூடான பஜ்ஜி தட்டுத் தட்டாக வருகிறது, வந்த வேகத்தில் காலியாகிறது. "நீயும் வந்து உட்காரேம்மா" என்று யாரோ குரல் கொடுக்கிறார்கள். "இதோ வந்துட்டேன், இன்னும் ஒரே ஒரு ஈடுதான்" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அந்த ஒரு ஈடு முடிவதற்குள் அத்தை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார். இரண்டு பேரும் பேச நினைத்தது அடுத்த பிறந்தநாளுக்குத் தள்ளிப்போகிறது!

சாசேஜும் சீஸும் வைத்து பேக் செய்கிற ஒரு சின்னப் பலகாரத்தைப் பற்றிப் பேச வந்த கட்டுரை இது. பஜ்ஜியில் ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்தப் பலகாரத்தின் உண்மையான சிறப்பு அதன் ருசியில் இல்லை. செய்தவரும் விருந்தில் உட்கார முடியும் என்பதில் இருக்கிறது.

இது என்ன பலகாரம்?

ஒரு சின்ன சாசேஜ் துண்டு, ஒரு சின்ன சீஸ் துண்டு. இரண்டையும் மைதா மாவில் சுற்றி ஓவனில் வைத்து எடுக்க வேண்டும். ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவு. வெளிநாடுகளில் பார்ட்டி என்றால் இதுவோ இதன் அண்ணன் தம்பியோ மேஜையில் இருக்கும். அமெரிக்காவில் இந்த வகைப் பலகாரத்துக்கு "போர்வைக்குள் பன்றிகள்" என்று ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. பெட்டி க்ராக்கர் என்ற பெயரில் 1957 இல் வந்த சிறுவர்களுக்கான சமையல் புத்தகத்தில் இது இடம்பெற்றதாகச் சொல்வார்கள். சிறுவர்களுக்கான புத்தகம் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. இலங்கையில் "ஷார்ட் ஈட்ஸ்" என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பட்டீஸ், ரோல்ஸ், கட்லட், மீன் பன், சாசேஜ் பன் என்று பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து லண்டன், டொராண்டோ போனவர்கள் அங்கேயும் பிறந்தநாள் வீடுகளில் அதைத்தான் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது முட்டை பப்ஸ். தேங்காய் பன்னும் வெஜ் பப்ஸும் இல்லாத பேக்கரியை எந்தக் கூட்டுரோட்டிலும் பார்க்க முடியாது. அதாவது, பேக் செய்ததைச் சாப்பிட நமக்குத் தெரியும். அதை வீட்டில் செய்யலாம் என்ற எண்ணம்தான் இன்னும் பழகவில்லை.

கூலி என்ற வரியில் சைபர்

வணிகவியல் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் ஒன்று அடக்கவிலைப் பட்டியல். பொருள், கூலி, மேற்செலவு என்று மூன்று தலைப்பு. பஜ்ஜிக்கு இந்தப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். கடலை மாவு, வாழைக்காய், எண்ணெய் எல்லாம் பொருள். கேஸ் மேற்செலவு. கூலி? அந்த வரியில் சைபர். "வீட்டில் செய்தால் மலிவு" என்று சொல்கிறோமே, அதன் ரகசியம் அந்த சைபரில்தான் இருக்கிறது.

சரி, நேரத்தைக் கணக்குப் போடுவோம். இருபது பேர், ஆளுக்கு மூன்று என்றால் அறுபது பஜ்ஜி. ஒரு ஈட்டுக்கு ஆறு, ஈட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் பத்து ஈடு, நாற்பது நிமிடம். நாற்பது நிமிடம் ஒன்றும் பெரிய நேரம் இல்லைதான். ஆனால் அது எந்த நாற்பது நிமிடம்? கேக் வெட்டி, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அதே நாற்பது நிமிடம். முன்கூட்டியே போட்டு வைக்கவும் முடியாது. பஜ்ஜியின் மேல்தோல் மெல்லியது. உள்ளே இருக்கும் வாழைக்காயின் ஈரம் கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி அதை நமக்கச் செய்துவிடும். ஆக, பஜ்ஜி சூடாக இருக்க வேண்டுமென்றால் ஒருவர் அடுப்படியில் நின்றே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த வீட்டிலும் சீட்டுக் குலுக்கிப் போடுவதில்லை!

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். 2024 ஆம் ஆண்டு ஆய்வில் இது 289, 88 என்று வந்தது. ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்தது, இடைவெளி மட்டும் அசையவில்லை.

கணக்குப் புத்தகம் மறந்ததை நீதிமன்றம் நினைவுபடுத்தியும் இருக்கிறது. மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அப்படி வாங்கிய சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும், வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் காரணம் சொல்லப்பட்டது. சொத்தில் பங்கு வரை பேச்சு போய்விட்டது. பிறந்தநாள் விருந்தில் ஒரு நாற்காலி இன்னும் கிடைக்கவில்லை.

சூளை சொல்லும் பாடம்

விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு பேக்கிங் புரிய வைக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. பீங்கான் தொழிலைப் பார்த்தாலே போதும். பொம்மை, அகல் விளக்கு, கப், மின்சார ஃபியூஸ் கட்டை என்று எத்தனையோ அங்கே சூளையில் வெந்து வருகின்றன. மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, காய வைத்து, சூளைக்குள் அடுக்கி, மூடி, சூடேற்ற வேண்டும். முதல் தடவை சுட்டு எடுத்த, மெருகு பூசாத சாமானுக்குப் பீங்கான் தொழிலில் பெயரே "பிஸ்கட்"! சூளையின் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல், பிஸ்கட் ஓவனுக்கு இருநூறு போதும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் முக்கியமான விஷயம், உழைப்பெல்லாம் மூடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சூளைக்குள் கைவிட்டு யாரும் கப்பைத் திருப்பிப் போடுவதில்லை. பேக்கிங்கும் அப்படித்தான். தட்டில் அடுக்கி உள்ளே தள்ளிவிட்டால் மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இதில் மொத்த வேலை குறையாது. மாவு பிசையக் கால் மணி நேரம், அறுபது துண்டு சுற்ற ஒரே ஆள் என்றால் நாற்பது நிமிடம், ஓவனில் மூன்று தட்டு மாற்ற வேண்டும். கூட்டிப் பார்த்தால் பஜ்ஜியை விட அதிகம்! ஆனால் அந்த வேலை எல்லாம் விருந்தாளி வருவதற்கு முன்னால் முடிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்த முடியாது. மாவை உருட்டச் சொல்லலாம். அப்பாவையும் உட்கார வைக்கலாம். நான்கு பேர் சுற்றினால் நாற்பது நிமிடம் பத்து நிமிடம் ஆகிவிடும். 1957 இல் இது ஏன் சிறுவர் புத்தகத்தில் வந்தது என்பது இப்போது புரியும்.

செய்யும் முறை (அறுபது துண்டுக்கு)

மைதா 400 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரை தேக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி. இவற்றை வெதுவெதுப்பான பால் 240 மில்லி, வெண்ணெய் 50 கிராம் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசையவும். ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தால் இரண்டு மடங்காகப் பொங்கும். வெயில் காலத்தில் முக்கால் மணி நேரமே போதும். இந்த நேரத்தில் யாருக்கும் வேலை இல்லை, தூங்கலாம்.

சிக்கன் சாசேஜ் 15 எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் அறுபது. 25 கிராம் சீஸ் கட்டி 12 எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்தாக வெட்டினால் அதுவும் அறுபது. மாவை எலுமிச்சங்காயை விடச் சின்ன உருண்டைகளாக அறுபது பிரித்து, ஒவ்வொன்றையும் கையால் தட்டி, நடுவில் சாசேஜும் சீஸும் வைத்து, ஓரங்களை நன்றாக ஒட்டி மூடவும். ஒட்டிய பக்கம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் சீஸ் வெளியே ஓடிவிடும். மேலே பாலோ அடித்த முட்டையோ தடவி எள் தூவி, 190 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். மேல் பக்கம் பொன்னிறமானதும் எடுக்கலாம். தன் முறைக்குக் காத்திருக்கும் தட்டுகளை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு அளவுக்கு மேல் பொங்காது. 1,500 வாட் ஓவன் விடாமல் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட் மின்சாரம்தான்.

சீஸுக்குப் பதில் பன்னீர் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் உருகாது. பன்னீர் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரித்தது. அதன் புரதம் சூட்டில் இளகாமல் இறுகியே நிற்கும். கடையில் கட்டியாக விற்கும் புராசஸ்டு சீஸ் வேறு ஜாதி. 1911 இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸை ஒருவகை உப்போடு சேர்த்து உருக்கினால் நெய் தனியே பிரியாது என்று கண்டுபிடித்தார்கள். 1916 இல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நெடுந்தூரம் போகவும் பல நாள் கெடாமல் இருக்கவும் செய்த சரக்கு அது. அதனால்தான் இன்று கிராமத்துக் கடை வரைக்கும் வருகிறது.

"ஈஸி" என்பது யாருக்கு?

இந்த மாதிரிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் "மிக எளிது" என்று ஒரு வார்த்தை இருக்கும். அது எழுதியவர் ஊருக்கு எளிது. ஓவன், ஃப்ரீசர் உள்ள கடை, போகாத கரண்ட் மூன்றும் இருந்தால் எளிது. கிராமத்துக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் சரிவராது.

சாசேஜைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃப்ரீசரில் கட்டியாக இருந்தது பஸ்ஸில் இளகி, வீட்டு ஃப்ரிட்ஜில் கரண்ட் போய் மறுபடி இளகினால் அது ஆபத்து. நம்பிக்கையான கடை பக்கத்தில் இல்லையென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சாசேஜ் என்பது கொத்திய இறைச்சியும் உப்பும்தான். உப்பு போட்டுப் பிசையப் பிசைய இறைச்சியின் புரதம் கரைந்து பிசுபிசுப்பாகும், வெந்ததும் அதுவே பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். 300 கிராம் கொத்திய கோழிக்கறி, ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், பூண்டு, சோம்பு. ஜில்லென்று இருக்கும்போதே ஒட்டும் பதம் வரை பிசைந்து, சின்ன விரலளவு உருட்டி, இட்லிப் பானையில் நன்றாக வேக வைத்தால் முடிந்தது. உள்ளே துளியும் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது. வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களும் வருவார்கள். அவர்களுக்கு முந்திரி இருக்கும்போது என்ன கவலை? விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் விளையும் பகுதி இது. வறுத்து உடைத்த முந்திரியும் மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் உள்ளே வைத்தால் அந்தத் தட்டுதான் முதலில் காலியாகும். அதைத் தனித் தட்டில், தனியாக பேக் செய்து, எள்ளுக்குப் பதில் கருஞ்சீரகம் தூவி அடையாளம் வைத்துவிடவும். விருந்தாளி கேட்டுத் தெரிந்துகொள்ளும் சங்கடம் வேண்டாம்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான கடாயில் உப்பு பரப்பி, உள்ளே ஸ்டாண்டு வைத்து, மூடிச் சூடாக்கி, தட்டை இறக்கி இருபது, இருபத்தைந்து நிமிடம் வைக்கலாம். நன்றாகவே வேகும், மேலே நிறம் மட்டும் வராது. ஆனால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டுதான் கொள்ளும். இருபது பேருக்கு ஐந்து ஈடு, இரண்டு மணி நேரம். மறுபடி அம்மா அடுப்படியில்! நான்கு பேர் உள்ள வீட்டுக்குத்தான் கடாய் சரி. கூட்டத்துக்கு, தெரிந்த பேக்கரியில் தட்டைக் கொடுத்துச் சுட்டுத் தரக் கேட்டுப் பார்க்கலாம். முடியாதென்றால் அங்கேயே அறுபது பப்ஸ் வாங்கி வந்துவிடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

செய்ததை மத்தியானத்திலிருந்து வெளியே வைத்திருக்கவும் கூடாது. இறைச்சி வைத்த பலகாரம் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. கடலூர் மாவட்டத்து மே மாதத்தில் எந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்லவேண்டியதில்லை. கொஞ்சம் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்துக்கு முன்னால் நன்றாகச் சூடேறும் வரை மறுபடி ஓவனில் வைத்து எடுக்கலாம்.

எதிர்க்கேள்விகள்

"சூடான பஜ்ஜிக்கு ஈடாகுமா?" ஆகாது. மழை நாளில் நான்கு பேருக்குப் பஜ்ஜிதான் ராஜா. இங்கே பேச்சு இருபது பேர் வரும் நாளைப் பற்றி மட்டும்.

"சாசேஜ் உடம்புக்கு நல்லதா?" நல்லதென்று யாரும் சொல்லவில்லை. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015 இல் சேர்த்தது. தினமும் டிபன் டப்பாவில் வைக்கும் சாமான் இது இல்லை. வருடத்தில் ஒன்றிரண்டு நாள் போதும், அதுவும் வீட்டில் கொத்திச் செய்தது மேல்.

"அம்மாவுக்கு அடுப்படியில் நிற்பதுதான் சந்தோஷம்." இந்தப் பதிலைச் சொல்வது பெரும்பாலும் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருப்பவர். அம்மாவைக் கேட்டுவிட்டுச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். பரிமாறும்போது வரும் சந்தோஷம் உண்மைதான். அது பேக் செய்ததைப் பரிமாறும்போதும் வரும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. புதுப் பலகாரம் வந்ததும் பழையது போவதில்லை என்பது வீடுகளின் வழக்கம். சாசேஜ் பலகாரமும் செய்து, "பெரியவங்க கேப்பாங்க" என்று பஜ்ஜியும் போட்டால் எல்லாம் வீண். வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். பற்று வைத்தால் வரவு வைக்க வேண்டும். புதிதாக ஒன்று மெனுவில் ஏறினால் பழையதில் ஒன்று அன்றைக்கு இறங்க வேண்டும்.

அடுத்த பிறந்தநாளுக்கு இதைச் செய்து பாருங்கள். நன்றாக வந்ததா என்று தெரிந்துகொள்ள ருசி பார்க்க வேண்டியதில்லை. மறுநாள் படங்களை எடுத்துப் பாருங்கள். கேக் வெட்டிய பிறகு எடுத்த படங்களிலும், அத்தைக்குப் பக்கத்தில், கையில் தட்டோடு அம்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.